ரஹீம் மாஸ்ரரின் கண்டிப்பு



சித்திரை என்றால் ஊரில் எங்களுக்கு மருத்துநீர், கைவிசேஷம், அதோடு பின்னேரம் ஒரு பந்தடி. குருநகர், பாசையூர், நாவாந்துறைப் பக்கத்து ஆட்களைக் கேட்டால் பந்தடிதான் முதலில் என்பார்கள். இங்கே நோர்வேயில் சித்திரை என்றால் மைதானத்தில் பனி உருகுகிற மாதம். எங்கள் சங்கத்துப் பெடியளும் பெட்டையளும் உள்ளரங்கை விட்டு வெளியே வந்து பந்து அடிக்கத் தொடங்குகிற மாதம். எட்டு வருசமாக இந்தப் பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டம் பழக்கி வருகிறேன். அதனால்தானோ என்னவோ, மலர்க்குழுவினர் இந்த முறை என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "விளையாட்டு வரலாற்றிலை ஒண்டு எழுதித் தாங்கோ அண்ணை" என்றார்கள்.

பேலேயைப் பற்றியும் மரடோனாவைப் பற்றியும் எழுதாதவர் இல்லை. ஆட்டக்காரரை விட்டு ஆட்டம் பழக்கிய ஒருவரைப் பற்றி எழுதுவோம் என்று நினைத்தேன். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

போன செப்ரெம்பரில் ஒரு ஆட்டம். முடிய இரண்டு நிமிடம் இருக்கும். எங்கள் பெடியன் ஒருவனுக்கு, பதின்மூன்று வயது, கோலுக்கு முன்னால் பந்து வந்தது. இடது காலுக்கு வந்தது. அவன் அதை வலது காலுக்கு மாற்றப் பார்த்தான். அதற்குள் மற்றப் பக்கத்துப் பெடியன் வந்து தட்டிவிட்டான். நாங்கள் தோற்றோம். நான் மைதான ஓரத்தில் நின்று, தாய் தகப்பன்மார் எல்லோருக்கும் கேட்கக் கத்தினேன்: "உனக்கு ஏன் ரெண்டு கால்? மற்றதை வெட்டி எறியடா!"

பெடியன் ஒன்றும் சொல்லவில்லை. சேட்டைக் கழற்றி, மடித்து, பைக்குள் வைத்தான். அடுத்த கிழமை வரவில்லை. அதற்கு அடுத்த கிழமையும் வரவில்லை.

நான் கத்தியது எனக்குப் புதிசாகத் தெரியவில்லை. அந்தக் குரல் என்னுடையதே அல்ல. எனக்குப் பந்து பழக்கிய மாஸ்ரருடைய குரல். பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம். கையில் பிரம்பு. விடியக் காலை ஐந்து மணிக்கு வெறுங்காலோடு மைதானத்தைப் பத்துச் சுற்று. பிழை விட்டால் முழங்காலுக்குக் கீழே ஒன்று. நாங்கள் அதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தோம். இப்போதும் ஊர்ச் சங்கக் கூட்டங்களில் சந்தித்தால், "அவர் அடிச்ச அடியிலைதான் நாங்கள் மனுசரானம்" என்று சொல்லிச் சிரிப்போம். ஆனால் எங்களோடு விளையாடிய ஒருவன், எங்கள் எல்லோரையும் விடக் கெட்டிக்காரன், ஒரு நாள் அடி வாங்கிவிட்டுப் போனவன் பிறகு பந்தைத் தொடவேயில்லை. சிரிக்கிற நேரத்தில் அவனைப் பற்றி ஒருவரும் கதைப்பதில்லை.

அந்தக் குளிர்காலத்தில்தான் ஹைதராபாத் ரஹீம் மாஸ்ரரைப் பற்றித் தேடித் தேடி வாசிக்கத் தொடங்கினேன். 2024இல் அவரைப் பற்றி ‘மைதான்’ என்று ஹிந்திப் படமும் வந்தது, சிலர் பார்த்திருப்பீர்கள். படம் படம்தான். வரலாறு அதைவிடச் சுவையானது.

பள்ளிக்கூட வாத்தியார்

சையத் அப்துல் ரஹீம் 1909 ஓகஸ்ட் 17இல் ஹைதராபாத்தில் பிறந்தவர். தொழில் பள்ளிக்கூட வாத்தியார். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்து, அங்கே பந்தும் அடித்தவர். 1943இல் ஹைதராபாத் உதைபந்தாட்டச் சங்கத்துக்குச் செயலாளரானார். 1950 முதல் இந்திய அணிக்குப் பயிற்சியாளர். ஆட்டக்காரர்கள் அவரை ‘ரஹீம் சாகிப்’ என்றுதான் சொல்வார்கள். அந்த ‘சாகிப்’புக்குள் பயமும் இருந்தது, மரியாதையும் இருந்தது.

அவர் பழக்கிய ஹைதராபாத் நகரப் பொலிஸ் அணி, பம்பாயில் நடக்கும் ரோவர்ஸ் கிண்ணத்தை 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து தடவை வென்றது. இந்தியாவில் உதைபந்தாட்டம் என்றால் கல்கத்தா என்று எல்லோரும் நினைத்திருந்த காலம் அது. தெற்கிலிருந்து ஒரு பொலிஸ் அணி வந்து இப்படிச் செய்யும் என்று யார் நினைத்தார்கள்?

1951இல் டில்லியில் முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டி. இறுதியாட்டத்தில் ஈரானை 1–0 என்று வென்று இந்தியா தங்கம் எடுத்தது. பயிற்சியாளர் ரஹீம்.

ஆனால் அடுத்த வருசமே முகத்தில் அறைந்த மாதிரி ஒரு தோல்வி. 1952, ஹெல்சிங்கி ஒலிம்பிக். யுகோஸ்லாவியாவோடு ஆட்டம். எங்கள் ஊர்ப் பெடியள் மாதிரி இந்திய அணியிலும் பலர் வெறுங்காலோடுதான் விளையாடினார்கள். இந்த வடக்கு நாடுகளின் ஈர நிலமும் குளிரும் எப்படி என்று வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. முடிவு 10–1. பத்துக் கோல்! அதற்குப் பிறகுதான் இந்திய உதைபந்தாட்டச் சம்மேளனம் பூட்ஸ் கட்டாயம் என்று சட்டம் போட்டது.

இங்கேதான் நான் ஒரு விசயத்தைக் கவனித்தேன். பத்துக் கோல் வாங்கிய அணியின் பயிற்சியாளர் என்ன செய்வார்? பெடியளைத் திட்டுவார். இல்லாவிட்டால் தான் விலகிப் போவார். ரஹீமோ மறுபடி பள்ளிக்கூட வாத்தியாராக உட்கார்ந்து, எது தெரியாமல் தோற்றோம் என்று பார்த்து, அதைப் பாடமாக்கினார்.

இடது காலுக்கு ஒரு போட்டி

அவருடைய பயிற்சி முறைகளில் இரண்டைச் சொல்கிறேன்.

எங்கள் நாடுகளில் பந்து அடிப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. பந்து காலில் வந்தால் விடமாட்டோம். இரண்டு பேரை வெட்டி, மூன்றாவது ஆளையும் வெட்டி, சனம் கைதட்ட வேண்டும். கடைசியில் பந்து பறிபோகும். ரஹீம் இதற்கு மருந்தாக, வெட்டி ஓடக்கூடாது என்று விதி வைத்துப் போட்டிகளையே நடத்தினார். பந்து வந்தால் உடனே மற்றவனுக்குக் கொடுக்க வேண்டும். தனியாளின் வித்தை அங்கே செல்லாது.

இரண்டாவது, என்னைத் தூக்கி நிறுத்தியது. பலம் குறைந்த காலால் மட்டும் விளையாடுகிற போட்டி! வலதுகாலன் இடதால் அடிக்க வேண்டும். இடதுகாலன் வலதால். நட்சத்திர ஆட்டக்காரனும் அங்கே புதுப் பெடியன் மாதிரித்தான் தடுமாறுவான்.

வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன். நான் "வெட்டி எறியடா" என்று கத்திய அதே காலுக்கு, அந்த மனுசன் ஒரு போட்டி வைத்திருக்கிறார்.

இதை இலேசான பயிற்சி என்று நினைக்க வேண்டாம். ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்ப, காலுக்குப் பழகும் மட்டும் செய்ய வேண்டும். உடம்புப் பயிற்சியில் சமாதானம் இல்லை. பெயர் பெற்றவன் என்று விட்டுக் கொடுப்பதும் இல்லை. கண்டிப்பான மனுசன் என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. ஆனால் அந்தக் கண்டிப்பு எதன்மேல் விழுந்தது என்று பாருங்கள். ஆளின்மேல் அல்ல, அவன் செய்கிற வேலையின்மேல்.

ஒரு சைக்கிளின் கதை

துளசிதாஸ் பலராம் என்ற பெயர் எங்கள் இளையவர்களுக்குத் தெரியாது. செக்கந்தராபாத்துக்குப் பக்கத்தில் அம்முகுடா என்ற ஊரில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். ஏழைக் குடும்பம். ரஹீம் இந்தப் பெடியனின் ஆட்டத்தைக் கண்டு பயிற்சிக்கு வரச் சொன்னார். அவ்வளவு தூரம் தினமும் வந்து போகக் காசில்லை என்று பெடியன் சொன்னான். ரஹீம் என்ன செய்தார்? "ஆர்வம் இருந்தால் நடந்து வருவாய்" என்று சொல்லவில்லை. சைக்கிளுக்கு வழி பண்ணிக் கொடுத்தார்.

அந்தச் சைக்கிள் எங்கே போய்ச் சேர்ந்தது தெரியுமா? 1956 மெல்பேர்ண் ஒலிம்பிக்குக்கு. அங்கே இந்தியா, சொந்த மண்ணில் விளையாடிய அவுஸ்திரேலியாவை 4–2 என்று வென்றது. நெவில் டிசூசா மூன்று கோல் அடித்தார். ஆசிய நாடு ஒன்று ஒலிம்பிக் உதைபந்தாட்டத்தில் அரையிறுதிக்குப் போனது அதுதான் முதல் தடவை. அரையிறுதியில் அதே யுகோஸ்லாவியா. முதல் கோலை இந்தியா போட்டது. பிறகு 4–1 என்று தோற்றது. நாலு வருசத்துக்கு முதல் பத்துக் கோல் வாங்கிய இடம் என்பதை மறக்கக்கூடாது. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 3–0 என்று தோற்று நாலாம் இடம்.

1960இல் ரோமாபுரி ஒலிம்பிக். ஹங்கேரியிடம் 2–1 என்று மயிரிழையில் தோல்வி. இந்தியாவின் கோல் பலராமுடையது. பிரான்சோடு 1–1 சமநிலை. பந்துக்காப்பாளராக நின்றவர் பீட்டர் தங்கராஜ். தமிழ்ப் பெயர், ஹைதராபாத்தில் பிறந்தவர், நல்ல உயரம். முதலில் முன்வரிசையில் விளையாடியவர், பிறகுதான் பந்துக்காப்பாளரானார். நீலகிரியில் இருந்த மெட்ராஸ் ரெஜிமென்ட் அணியில் விளையாடியவர்.

ஜகார்த்தா, 1962

இனி முக்கியமான கட்டத்துக்கு வருவோம்.

1962 ஆசிய விளையாட்டுப் போட்டி இந்தோனேசியாவின் தலைநகர் ஜகார்த்தாவில் நடந்தது. இஸ்ரேலுக்கும் தாய்வானுக்கும் இந்தோனேசியா விசா கொடுக்கவில்லை. அப்படியானால் இதை ஆசியப் போட்டி என்று சொல்ல முடியாது என்று இந்தியாவின் ஒலிம்பிக் பிரதிநிதி ஜி.டி. சோந்தி எதிர்த்தார். அவ்வளவுதான். ஊர்ச் சனத்துக்கு இந்தியர்மேல் கோபம் மூண்டது. செப்ரெம்பர் 3ஆம் திகதி இந்தியத் தூதரகத்தைக் கூட்டம் தாக்கியது. அடுத்த நாள்தான் உதைபந்தாட்ட இறுதியாட்டம்!

அணி போன பஸ்ஸில் தலைப்பாகை கட்டிய ஜர்னைல் சிங் வெளியே தெரியாமல் கீழே குனிந்து இருந்து போனதாக ஆட்டக்காரர்கள் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். பஸ்ஸுக்குள் குனிந்து இருந்து போவது என்றால் என்ன என்று எங்களுக்கு ஒருவரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அணியும் நல்ல நிலையில் இல்லை. முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 2–0 என்று தோல்வி. பிறகு தாய்லாந்தை 4–1, ஜப்பானை 2–0 என்று வென்றார்கள். தாய்லாந்து ஆட்டத்தில் பின்வரிசைத் தூண் ஜர்னைல் சிங்கின் மண்டை உடைந்து தையல் போட்டார்கள். ரஹீம் என்ன செய்தார்? அரையிறுதியில் ஜர்னைலை முன்வரிசைக்கு மாற்றினார். ஜர்னைல் கல்லூரி நாட்களில் முன்வரிசையில் விளையாடியவர் என்பது அவருக்குத் தெரியும். தென்வியட்நாமை 3–2 என்று வென்றார்கள். ஜர்னைலும் ஒரு கோல் போட்டார்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். தலையில் தையலோடு ஒருவரை விளையாட விடுவதை இன்றைய வைத்தியர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நானும் எங்கள் பிள்ளை ஒன்றுக்குத் தலையில் அடிபட்டால் அன்றைக்கு மறுபடி உள்ளே விடமாட்டேன். அந்தக் காலத்தில் இடையில் ஆள் மாற்றவும் முடியாது. பெரிய மனுசர் செய்தார் என்பதற்காக எல்லாவற்றையும் நாங்கள் பின்பற்றத் தேவையில்லை.

இறுதியாட்டத்துக்கு முதல் நாள் இரவு ரஹீம் ஆட்டக்காரரைக் கூப்பிட்டு, நாளைக்கு எனக்கு ஒரு பரிசு தர வேண்டும், தங்கத்தை எடுத்துத் தாருங்கள் என்று கேட்டாராம். கண்டிப்பான மனுசன் முதல் தடவையாகக் கேட்கிறார்! கட்டளை போடவில்லை, கேட்டார். அந்த நேரம் நோய் அவருடைய உடம்புக்குள் இருந்தது.

1962 செப்ரெம்பர் 4. செனயான் மைதானத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் சனம். எல்லாம் எதிர்க்கூச்சல். இந்தியத் தேசிய கீதத்துக்கும் கூச்சல். இந்தியருக்காகக் கைதட்டியவர்கள் யார் தெரியுமா? பாகிஸ்தான் ஹொக்கி அணியினர்! முதல் நாள்தான் ஹொக்கி இறுதியாட்டத்தில் இந்தியாவை வென்றவர்கள். இதை பி.கே. பானர்ஜி பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

எதிரணி அதே தென்கொரியா. ரஹீம் கோலுக்கு உயரமான தங்கராஜை நிறுத்தினார். தலைக்கட்டோடு ஜர்னைல் முன்வரிசையில். அணித் தலைவர் சுனி கோஸ்வாமி. 17ஆவது நிமிடம் பானர்ஜி கோல் போட்டார். 20ஆவது நிமிடம் ஜர்னைல் இரண்டாவது கோல். கொரியா கடைசி நேரத்தில் ஒன்றைத் திருப்பியது. 2–1. தங்கம்!

அதுதான் ரஹீமின் கடைசிப் பெரிய ஆட்டம். ஒன்பது மாதம் கழித்து, 1963 யூன் 11ஆம் திகதி, புற்றுநோயால் காலமானார். வயது 53. இந்திய ஆண்கள் அணி அதற்குப் பிறகு ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் எடுக்கவில்லை. ஒலிம்பிக் உதைபந்தாட்டத்திலும் 1960க்குப் பிறகு விளையாடவில்லை. பானர்ஜியும் கோஸ்வாமியும் 2020இல் ஒரு மாத இடைவெளியில் காலமானார்கள். சைக்கிள் வாங்கிய பலராம் 2023இல் மறைந்தார்.

எங்கள் பிள்ளைகளும் நாங்களும்

நோர்வேயில் 1987இலிருந்து பிள்ளைக்கு அடிப்பது சட்டப்படி குற்றம். பதினொரு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளின் ஆட்டங்களுக்குப் புள்ளிப்பட்டியலே வைப்பதில்லை. எங்களில் சிலர், "இந்த நாட்டிலை பிள்ளையளைக் கண்டிக்கேலாது, அதாலைதான் கெட்டுப் போகுதுகள்" என்று சொல்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். ரஹீமைப் படித்த பிறகு எனக்கு வேறு மாதிரி விளங்குகிறது. பிரம்பைக் கீழே போட்டால் கண்டிப்புப் போய்விடும் என்றால், எங்களிடம் இருந்தது கண்டிப்பு அல்ல, பிரம்பு மட்டும்தான்.

நான் பிரம்பை எப்போதோ விட்டுவிட்டேன். நாக்கைத்தான் விடவில்லை.

தை மாதம் ஒரு நாள் அந்தப் பெடியனின் வீட்டுக்குப் போனேன். தாய் தேத்தண்ணி போட உள்ளே போனா. பெடியன் எதிரில் இருந்தான். "தம்பி, நான் அண்டைக்குச் சொன்னது பிழை. அந்தக் காலாலை அடிக்க நான் உனக்குப் பழக்கேல்லை. பழக்காமல் ஏசினது என்ரை பிழை" என்றேன். எங்கள் தலைமுறையில் பெரியவன் ஒருவன் சின்னவனிடம் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. வாய்க்குள் சொல் வரச் சிரமப்பட்டது.

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு, "மாமா, உங்களுக்கு இடது காலாலை அடிக்கத் தெரியுமோ?" என்று கேட்டான்.

தெரியாது! ஐம்பத்தெட்டு வயதில் அன்றைக்குத்தான் அதை ஒத்துக்கொண்டேன்.

மாசி மாதம் உள்ளரங்கில் ரஹீம் மாஸ்ரரின் போட்டியை வைத்தோம். பலம் குறைந்த காலால் போட்டால்தான் கோல். தகப்பன்மாரும் விளையாடினார்கள், நானும் விளையாடினேன். வெறும் கோலுக்கு முன்னால் நின்று பந்தைச் சுவருக்கு அடித்தேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தப் பெடியன் வந்திருந்தான். ஒரு கோல் போட்டான். இப்பவும் ஆட்டத்தில் பந்தை வலது காலுக்குத்தான் மாற்றப் பார்க்கிறான். ஆறு மாதத்தில் கால் மாறாது. நான் கத்துவதில்லை, பயிற்சி முடிந்த பிறகு இருபது பந்து இடதால் அடிக்க வைத்துத்தான் வீட்டுக்கு விடுகிறேன். மழை என்றாலும் இருபதுதான். அதில் விட்டுக்கொடுப்பு இல்லை.

இன்னொன்றும் நடந்தது. பயிற்சிக்கு ஒழுங்காக வராத பிள்ளைகள் என்று என் கொப்பியில் மூன்று பெயருக்குச் சிவப்புக் கோடு போட்டிருந்தேன். ஒழுக்கம் இல்லாததுகள் என்று நினைத்தேன். சைக்கிள் கதையைப் படித்த பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் ரெலிபோன் எடுத்தேன். இரண்டு வீட்டில் தாயும் தகப்பனும் சனிக்கிழமை துப்பரவு வேலைக்குப் போகிறார்கள். கொண்டுவந்து விட ஆளில்லை. பிள்ளைகள் வெட்கத்தில் சொல்லவில்லை.

அந்தப் பிள்ளைகள் இப்போது என் காரில் வருகிறார்கள். மூன்றாவது பிள்ளைக்கு இடம் காணாது. வீடும் மற்றப் பக்கம்.

ஆகவே இந்தக் கட்டுரையை ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்குக் காரில் ஒரு இருக்கை வெறுமையாக உள்ளவர்கள் சங்கத்தில் சொல்லுங்கோ. வெளி மைதானத்தில் பயிற்சி பத்து மணிக்குத் தொடங்கும். பத்து என்றால் பத்துத்தான், தமிழர் நேரம் இல்லை. அதில் ரஹீம் மாஸ்ரர் எப்படியோ, நானும் அப்படித்தான்.

பிறந்திருக்கும் புத்தாண்டு எல்லோருக்கும் நல்லதாக அமையட்டும்.